ஞாயிற்றுக்கிழமை மயில்கள்

உட்காருங்கள், டீச்சர். நீங்கள்தான் முதலில் வந்திருக்கிறீர்கள். மற்ற ஆசிரியர்கள் வருகிற வேன் இன்னும் மலையடிவாரத்தையே தொடவில்லையாம். டிரைவர் இப்போதுதான் போன் பண்ணினார். நீங்கள் டவுன் பஸ்ஸில் வந்தது நல்லதாகப் போயிற்று. அந்தக் கல் பெஞ்சில் உட்காருங்கள், வெயில் படாது. நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் எனக்குச் சரிப்படாது, அதுவும் இன்றைக்கு.

என்ன சத்தம் அது? ஒன்றுமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிறார்கள்.

என் பெயர் அர்த்தநாரி. இந்த முன்மாதிரிப் பண்ணையின் விளக்குநர். வருகிறவர்களை அழைத்துக்கொண்டு போய், இது இன்னது, இது இதற்காக என்று சொல்கிறவன். என்ன இவர் புத்தகம் வாசிக்கிற மாதிரிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். பல ஊர் ஆட்கள் வருகிறார்கள். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று பேசிப் பேசி இப்படி ஆகிவிட்டது. வீட்டில் என் சம்சாரம் சம்பூர்ணம்கூட, “ஊட்டுக்குள்ள வந்தாவது ரேடியோவை அமத்துங்க” என்பாள்.

நாங்கள் இங்கே சொல்லிக் கொடுப்பது ஒரு சின்ன விஷயம். வயலில் நாம் மட்டும் இல்லை. புழு இருக்கிறது. புழுவைத் தின்னக் கரிச்சான் குருவி இருக்கிறது. எலி இருக்கிறது. எலியைத் தின்னச் சாரைப்பாம்பும் கூகையும் இருக்கின்றன. மருந்து தெளித்தால் எல்லாம் சாகும், புழு மட்டும் திரும்பி வரும். தெளிக்காமல் இருந்தால் இவற்றில் பாதி நமக்கு வேலைக்காரர்கள். கூலியாகக் கொஞ்சம் தானியம் கேட்பார்கள், கொடுத்துவிட வேண்டியதுதான். அதற்காக வரப்பு ஓரத்தில் கம்போ சோளமோ ஒரு பட்டை விதைத்து, அதை அறுக்காமல் விட்டுவிட வேண்டும். பறவை அங்கேயே தின்றுவிட்டுப் போகும், உள்ளே வராது. ஓரப்பட்டை என்று அதற்குப் பெயர். நான் வைத்த பெயர்தான்.

எங்கள் ஓரப்பட்டை எங்கே என்றா கேட்கிறீர்கள்? இங்கேதான் இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் இந்தக் கல் பெஞ்சுகளைப் போட்டோம். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதேதான். கம்பு ஆள் உயரம் வளர்ந்து நின்றுகொண்டு, வருகிறவர்களை ஒன்றும் பார்க்க விடாது. இப்போது பாருங்கள், எவ்வளவு விசாலமாக இருக்கிறது!

ஆனால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதுதான் கஷ்டம்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். எரு மக்குகிற குழியைக் காட்டுவேன், மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கிளுவை வேலியைக் காட்டுவேன், “செடி” என்பார்கள். கூகை இருக்கும் பெட்டியைக் காட்டுவேன். கூகை பகலில் தூங்கும், பெட்டியைத்தான் பார்க்கலாம். ஒருமுறை ஒரு குழந்தை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, “அங்கிள், அனிமல்ஸ் எப்ப வரும்?” என்று கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலமே கோயம்புத்தூரிலிருந்து விசாலி மேடம் போன் பண்ணினார். இந்தப் பண்ணையை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர்.

“அர்த்தநாரி, வனவிலங்கோட ஒத்து வாழற பண்ணைன்னு வெளியில எழுதிப் போட்டிருக்கோம். வர்றவங்க ஒரு காக்காயைக்கூடப் பாக்கலைன்னு சொல்றாங்களே?”

“காக்கா இருந்ததுங்க மேடம்.”

“நான் காக்காயைப் பத்தியா பேசறேன்?”

அதற்கப்புறம்தான் எனக்கு யோசனை வந்தது. அதோ, அந்தப் புங்க மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறதே, அதுதான் எங்கள் மணி. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் அங்கங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். இதைத் தட்டினால் எல்லாரும் இங்கே கூட வேண்டும் என்பது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டுவதற்கு முன்னால், இடுப்புப் பையிலிருந்து கொஞ்சம் கம்பை எடுத்து, அந்தத் திறந்த இடத்தில் வீசினேன். ஓடைப் பள்ளத்து மூங்கில் பக்கமிருந்து ஒரு பெட்டை மயில் வந்தது. ஒரு கால் சற்று ஊனம், நொண்டி நொண்டித்தான் வந்தது. வந்தவர்கள் அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரம் அது தன் கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வந்தது. பிறகு தானியம் வீசக்கூடத் தேவைப்படவில்லை. தண்டவாளத்தைத் தட்டினால் போதும். டங், டங் என்றதும் வேலிமேல், வரப்புமேல், இந்தப் பெஞ்சுமேல் எங்கே பார்த்தாலும் மயில். தானியம் அதற்குப் பிறகு போடுவேன். ஏமாற்றக்கூடாது இல்லையா?

நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது, டீச்சர். வன உயிர்களுக்குத் தீனி போடக்கூடாது. எங்கள் பண்ணையின் முதல் பாடமே அதுதான், ஒவ்வொரு வாரமும் நானே சொல்வேன். நான் போடுவது தீனி இல்லை. தீனி என்பது பசிக்குப் போடுவது. இது காட்சிக்கு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் அவை இயற்கையாக மேயும். ஒரு மணி தானியம்கூடப் போட மாட்டேன். அந்த விஷயத்தில் நான் கண்டிப்பு.

வேன் சத்தம் மாதிரி இருக்கிறது. இல்லை, பால் வண்டி.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? இன்றைக்கு வருகிற நீங்கள் எல்லாரும் போய் ‘நன்றாக இருந்தது’ என்று சொன்னால், சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் இங்கே பிள்ளைகளை அனுப்பும். விசாலி மேடம் பேசி வைத்திருக்கிறார். ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாவை நிறுத்திவிடுவார்கள். என்னைக் கோயம்புத்தூர்க் கடையில் தினை பிஸ்கட் விற்க உட்கார வைப்பார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. “எடுத்துக்கங்க சார், மைதா இல்லை சார்” என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியுமா? ஒரு பறவையின் பெயர் சொல்ல இடம் இருக்குமா அங்கே?

அதனால்தான் இன்றைக்கு மயில் வர வேண்டும். வரும். வராமல் எங்கே போகும்?

எல்லாம் அந்தப் பழனாத்தாளால் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது அவள் காடு. மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்போம். உள்ளே வரும்போது நுழைவாயிலில் பெரிய போட்டோ ஒன்று பார்த்திருப்பீர்கள். சிவப்புச் சேலை, தலையில் துண்டு, வாயெல்லாம் சிரிப்பு. ‘பறவையோடு பங்கிட்டு வாழும் உழவர்.’ அவள்தான். அந்த வாசகம் நான் எழுதியது. இந்த ஊரில் நான் சொன்னதைக் கேட்டு முதன்முதலில் மருந்தை நிறுத்தியவள் அவள். ஊரே சிரித்தது. அவள் புருஷன் கோழித் தீவன லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அவரும் சிரித்தார். இவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை அவள் காட்டுக்கும் அழைத்துப் போவேன். அவள் பேச ஆரம்பித்தால் என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

“ஏம்மா, பூச்சி வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று யாராவது கேட்பார்கள்.

“நானெங்கீங் பண்றது? கரிச்சான் பண்ணிக்கும். அது தின்னு முடிச்சுப்போட்டு, ‘அக்கா இன்னும் இருக்குதா’ன்னு எட்டிப் பாக்குமுங்” என்பாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சரி, சிரிக்கட்டும். பாடம் நான் சொல்லிக் கொடுத்ததுதானே.

இந்த ஆடியில் நிலக்கடலை விதைத்தாள். நல்ல மழை. மறுநாளே வேலியோரம் வந்து கூப்பிட்டாள்.

“ஏனுங்ண்ணா, உங்க மயிலு என்ற காட்டுல வெதையைத் தோண்டித் திங்குதுங்.”

“எங்க மயில் இல்லை, பழனாத்தா. மயில் யாருக்கும் சொந்தமில்லை. அது தேசியப் பறவை.”

“அப்ப தேசத்துகிட்டத்தான் சொல்லோணுங்களா?”

அவள் பேச்சே அப்படித்தான். நான் பொறுமையாக விளக்கினேன். மழை பெய்தால் மண் இளகும், பறவை கிளறும், இது இயற்கை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவள் மறுபடி விதைத்தாள். முளைத்தது. பூ விட்டது. காய் பிடிக்கிற நேரத்தில் அவள் காட்டுக்குள் எப்போது பார்த்தாலும் மயில். திங்கள் பார்த்தேன், செவ்வாய் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. வாரம் முழுவதும் இந்த இடம் சுத்தமாக இருக்கும். அவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு வந்திருந்தது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் பழனாத்தாள் வேரோடு கிளறிப்போட்ட கடலைச் செடிகளைக் கை நிறைய அள்ளி வந்து, வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் மேசைமேல் வைத்தாள். பிஞ்சுக் காய், பாதி கொத்தியது. வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் அதை வீணாக்கவில்லை. நல்ல மாதிரியாக இரண்டு செடியை எடுத்துக் கழுவி, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, ‘மயிலின் உணவுப் பழக்கம்’ என்று எழுதிக் கூடத்தில் மாட்டி வைத்தேன். ‘உதவி: பழனாத்தாள்’ என்று கீழே அவள் பெயரையும் போட்டேன். இப்போதும் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன். அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எழுத்து நல்லா இருக்குதுங்ண்ணா” என்றாள். அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் வந்து கொஞ்சம் கடுமையாகவே பேசினாள். இந்த ஆடிப் பட்டத்து விளைச்சலும் போனால் மண்ணைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடலாம் என்று அவள் புருஷன் சொல்கிறாராம். லாரி லாரியாக மண் அள்ளிக்கொண்டு போவார்களாம். “அப்பறம் மயிலும் இல்லை, கடலையும் இல்லை, பள்ளந்தானுங் இருக்கும். நீங்க அந்தப் பள்ளத்தைக் காட்டுவீங்களாட்ட இருக்குது” என்றாள். என்ன பேச்சு பாருங்கள்! நான் அவளுக்கு அறிவிப்புப் பலகையைக் காட்டினேன். உள்ளே வரும்போது இடது பக்கம் இருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கடைசி வரி: ‘வேலிக்கு அப்பால் நடப்பதற்குப் பண்ணை பொறுப்பல்ல.’ நான் எழுதியது இல்லை அது, அறக்கட்டளை எழுதியது. சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

கொஞ்சம் இருங்கள், ரோட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

காணோம். டிரைவர் எங்காவது டீ குடிக்க நிறுத்தியிருப்பான்.

எதுவரை சொன்னேன்? ஆமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழனாத்தாள் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்! பக்கத்துக் காட்டுக்காரி, வேலியில் இருக்கும் கடவு வழியாக நினைத்தபோது வந்து போகிறவள், அன்றைக்கு ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, சீட்டு வாங்கிக்கொண்டு, எல்லாரோடும் கூட்டத்தில் நடந்தாள். அதே சிவப்புச் சேலை. நுழைவாயிலில் போட்டோவைப் பார்த்தவர்கள் இவளைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். நான் தண்டவாளத்தைத் தட்டினேன். மயில்கள் வந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். “கேள்வி ஏதாவது உண்டா?” என்று வழக்கம்போலக் கேட்டேன். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினாள்.

“ஏனுங்ண்ணா, இதுக ஞாயித்துக்கெழமை இங்க சாப்பிடுது. மத்த நாள்ல எங்கீங் சாப்பிடும்?”

நல்ல கேள்விதான். பாராட்டினேன். “மற்ற ஆறு நாளும் இயற்கையாக மேயும்” என்றேன். கூட்டம் கைதட்டியது. அவளும் சிரித்தாள், டீச்சர். சிரித்துக்கொண்டே, “சரிங்ண்ணா, இயற்கையாவே மேயட்டுங்” என்று சொல்லிவிட்டு, ரோட்டு வழியாகவே திரும்பிப் போனாள்.

அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் ஏதாவது சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என்ன, நீங்களும் அதேதான் கேட்கிறீர்களா? மற்ற நாளில் எங்கே என்று? இப்போதுதானே சொன்னேன். இயற்கையாக.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் எருக்குழியில் நின்றுகொண்டிருக்கிறேன், ‘ணங்’ என்று ஒரு சத்தம். தண்டவாளச் சத்தம் இல்லை, வேறு மாதிரி. மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். எங்கிருந்து என்று தேடிப் போனால், அவள் காட்டின் கடைசியில், பள்ளத்தோரம், ஒரு வேப்ப மரத்தில் பழைய டிராக்டர் கலப்பை வட்டு ஒன்று தொங்குகிறது! அதற்குப் பக்கத்திலேயே அகலமாக ஒரு பட்டை கம்பு, கதிர் முற்றி நிற்கிறது. எப்போது விதைத்தாள் என்றே தெரியவில்லை. கடலைக்கும் அதற்கும் நடுவில் காடு பூராவும் இருக்கிறது. கம்புக்குள் மயில். முழுக்க மயில். கழுத்து மட்டும் தெரிகிறது, தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி.

வரப்போரம் குனிந்திருந்தவளிடம் நேராகப் போனேன்.

“பழனாத்தா, என்ன பண்ணிட்டு இருக்கற?”

“மாட்டுக்குப் புல்லறுக்கறனுங்.”

“வன உயிருக்குத் தீனி போடக்கூடாதுன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“நானெங்கீங்ண்ணா போட்டேன்? அது பாட்டுக்கு வெளஞ்சு நிக்குது, இதுக பாட்டுக்குத் திங்குது. ஓரத்துல ஒரு பட்டை உடுங்கன்னு நீங்கதானுங் சொல்லிக் குடுத்தீங்க. நான் மறக்கலீங். நீங்க மறந்துபோட்டீங்களா?”

“அந்த வட்டு எதுக்கு?”

“எது, அதுங்களா? நீங்க தட்டறீங்க, நானும் தட்டறேன். சத்தத்துக்குமா வேலி போடோணும்?”

“இது அந்தப் பறவைகளைப் பழக்கப்படுத்தறது. தப்பு. அதோட இயல்பு கெட்டுப்போகும்.”

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையில் இருந்த புல்லைக் கட்டிக்கொண்டே, “ஆமாங்ண்ணா. யாரோ நெம்ப நாளைக்கு முன்னாலயே கெடுத்துப்போட்டாங்களாட்ட இருக்குது” என்றாள்.

யாரைச் சொல்கிறாள்? இந்தப் பக்கம் என்னையும் அவளையும் விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாளோ என்னவோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை மயில் பாதிதான் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் குறைவு. வந்த இரண்டொரு ஆண் மயிலுக்கும் தோகை இல்லை. புரட்டாசியில் உதிர்ந்துவிடும், அது இயல்பு. ஆனால் ஒரு அம்மாள், “இது வான்கோழிங்களா?” என்று கேட்டுவிட்டாள். வாழ்க்கையில் அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்த நொண்டிப் பெட்டை ஒன்று மட்டும்தான் வந்தது. பாவம், அதற்கு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை போலிருக்கிறது. விசுவாசம் என்று நான் வந்தவர்களிடம் சொன்னேன்.

விசாலி மேடத்திடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பருவம் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று பழனாத்தாளிடமே போய்க் கேட்டேன். ஆமாம், நானாகத்தான் போனேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “நாளைக்கு ஒரு நாள் மட்டும் தட்டாம இரு. டீச்சர்மார் வர்றாங்க. பிள்ளைங்க விஷயம்.”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். “நாளைக்குத்தானுங்ண்ணா எனக்குக் கடலை புடுங்கறது. ஆளுகளைச் சொல்லிப்போட்டேன். புடுங்கிக் களத்துல காயப்போட்டிருக்கறப்ப அதுக அக்கட்டால, பள்ளத்தோரமே இருக்கோணும். இல்லாட்டி நாலு மாசப் பாடும் போச்சு. ஊட்டுக்காரரும் வர்றாருங், காட்டை வெச்சுக்கறதா உடறதான்னு பாக்கறதுக்கு.” பள்ளத்தோரக் கம்பைக் கை காட்டினாள். “ஒண்ணு பண்ணுங்ண்ணா. டீச்சர்மாரை இங்க கூட்டியாங்க. முன்னாட்ட. கம்புக்குள்ள மயிலைக் காட்டுங்க. நான் பேசறேன்.”

எப்படி அழைத்துப் போவது? அது பண்ணை இல்லையே! அது வெறும் காடு. அங்கே பெஞ்சு இருக்கிறதா? பலகை இருக்கிறதா? கழிப்பறை இருக்கிறதா? கம்பு வேறு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னது தப்பா?

அதோ வேன்! இந்தத் தடவை வேன்தான். வந்துவிட்டார்கள். நீங்கள் உட்காருங்கள், எழுந்திருக்க வேண்டாம். நல்ல இடம் அது, அங்கிருந்து எல்லாம் தெரியும்.

வாங்க, வாங்க! வணக்கம்! பார்த்து இறங்குங்க. எல்லாரும் இந்தப் பக்கம், பெஞ்சுப் பக்கம் வாங்க. தண்ணீர் அந்தப் பானையில் இருக்கிறது. முதலில் ஒரு காட்சி, விளக்கம் அப்புறம். எல்லாரும் சத்தம் போடாமல் அந்தத் திறந்த இடத்தைப் பாருங்கள். டீச்சர், இந்தப் பையைச் சித்தே பிடியுங்கள். கம்புதான். இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கொண்டுவந்தேன்.

தட்டுகிறேன்.

டங். டங். டங்.

கொஞ்சம் பொறுங்கள். மூங்கில் பக்கமிருந்து வரும். எப்போதும் அங்கிருந்துதான். இன்னொரு தரம் தட்டுகிறேன்.

கேட்டதா? அதுதான். அந்த ‘ணங்’. நான் தட்டியதும் அவளும் தட்டுகிறாள் பாருங்கள். இல்லை சார், அது எதிரொலி இல்லை. அது பக்கத்துக் காடு. அதற்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை. மேலேயா? ஆமாம், அது மயில்தான். பறந்து போகிறதே, அதுதான். பின்னாலேயே இன்னும் போகிறது. மயில் அவ்வளவு உயரம் பறக்குமா என்றா? பறக்கும். கனம்தான், ஆனாலும் பறக்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் பார்க்காதீர்கள், இந்தப் பக்கம் பாருங்கள்!

டங். டங். டங். டங்.

யார் கூப்பிடுவது? பழனாத்தாளா? கையை ஆட்டுகிறாள். போட்டோவில் இருக்கிறவங்கதானே என்கிறீர்கள், ஆமாம், அவள்தான். ஆனால் இப்போது அவள்…

“வாங்கோ, வாங்கோ! கடலை இப்பத்தான் புடுங்கறோமுங்! வந்து தின்னு பாத்துப்போட்டுப் போங்கோ! மயிலு அங்க இருக்குதுங், பள்ளத்தோரம்! பொட்டாட்ட வாங்கோ, சத்தம் போட்டா கம்புக்குள்ள குனிஞ்சுக்கும்!”

பாருங்கள், நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், இவர்கள் பாட்டுக்குப் போகிறார்கள். அம்மா, அந்தக் கடவில் குனிந்து போக வேண்டும், கிளுவையில் முள் இருக்கிறது. சார், போட்டோ எடுப்பதற்கு இங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும். சார்! அங்கே களத்துமேட்டில் நிற்கிறாரே, காக்கி டவுசர், அவர்தான் அவள் புருஷன். கடலைச் செடி ஒன்றைத் தூக்கி உதறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நல்ல காய்ப்பு போலிருக்கிறது. இங்கிருந்தே தெரிகிறது.

நீங்களும் எழுந்துவிட்டீர்களா, டீச்சர்?

இல்லை, போங்கள். நான் தடுக்கவில்லை. நீங்கள் முதலில் வந்தவர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். செருப்பைக் கழற்றாதீர்கள், அங்கே நெருஞ்சி உண்டு. வேலியைத் தாண்டிவிட்டால் அப்புறம் பண்ணை பொறுப்பில்லை. பலகையிலேயே இருக்கிறது.

இருங்கள், இருங்கள்! அதோ வருகிறது! நான் சொன்னேன் இல்லையா? நொண்டிப் பெட்டை! இந்தப் பக்கம்தான் வருகிறது. டீச்சர், அந்தப் பையைக் குடுங்க, சீக்கிரம். வா கண்ணு. இக்கட்டால வா. இந்தா, இந்தா. உனக்குத்தான் பூராவும். கொத்துது பாருங்க! எல்லாத்தையும் கூப்புடுங்க டீச்சர், சித்தே சத்தமாக் கூப்புடுங்க, இங்க ஒண்ணு இருக்குதுன்னு சொல்லுங்க…

ஏய். எங்க போற? இன்னும் இருக்குது, தின்னுபோட்டுப் போ. ஏய்.

கடவுக்குள்ள நுழைஞ்சிருச்சு.

ஒன்றுமில்லை, டீச்சர். அது இயற்கையாக மேயப் போகிறது.